பாறைக்குழிக்கு வடக்கே

பிப்ரவரி 6, திங்கள்

காலை ஏழரைக்கே போய்விட்டேன். கம்பெனி கேட்டில் நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். ஆய்வு வேண்டும் என்று கேட்டவர்களே அவர்கள்தான், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் கடிதமும் கையில் இருக்கிறது. இருந்தும் காவலாளி 'பேராசிரியர் நாச்சிமுத்து, நிலவியல் துறை' என்ற அடையாள அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அட்டையில் இருப்பவனுக்கு முடி இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்வது?

பாறைக்குழி இப்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கல் வெட்டி முடித்த எழுபதடிப் பள்ளம். அதில் தோல் ஆலைக் கழிவுச் சேற்றை ஆறு வருடம் கொட்டி, நிரம்பியதும் களிமண் போட்டு மூடி, மேலே புல் வளர்த்திருக்கிறார்கள். இரண்டு மயில்கள் மேய்கின்றன. பக்கத்திலேயே இரண்டாவது குழிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். முதல் குழியால் நிலத்தடி நீருக்குக் கெடுதல் இல்லை என்று காட்டினால்தான் அது கிடைக்கும். 2016-இல் இந்தக் குழியால் யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லை என்று அறிக்கை எழுதியவன் நான். அதனால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

வேலை சுலபம். குழியின் அடிவரை இறங்கும் பழைய குழாயில் ஒன்றரைக் கிலோ பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினேன். உடம்புக்குக் கெடுதல் செய்யாத சாயம். குழி கசிந்தால் சாயமும் கசியும், எந்தக் கிணற்றுக்கு வந்து சேருகிறது என்று பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்தாலும் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கரித்தூள் பொட்டலம் தொங்கும். கொசுவலைத் துணியில் நானே தைத்தேன். சுலோச்சனா பார்த்துவிட்டு, "முப்பது வருசமா ஒரு சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாதுன்னீங்க" என்றாள்.

நிலம் கிழக்கே சரிகிறது. ஆகவே கிழக்கே ஐந்து கிணறுகளில் பொட்டலம் கட்டினேன். ஆறாவதை வடக்கே, புதூர் காலனி போர்வெல்லில், தண்ணீர் வந்து விழும் குழாய் வாயில் கட்டினேன். அது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும். சாயம் வரவே முடியாத இடத்திலும் ஒன்று கட்டிவைப்பது முறை.

காலனியில் மாராத்தாள் தண்ணீர் கொடுத்தாள். மேல்நிலைத் தொட்டிக்குக் காலையும் மாலையும் மோட்டார் போடுவது அவள் வேலை. வாசலில் கால் வைத்ததும் சொம்போடு வந்துவிடுவாள். 

"ஏனுங் சார், இந்தப் பொட்டணம் எதுக்குங்க?"

"சும்மா ஒரு சோதனைங்க."

"நம்ம தண்ணிக்கு என்னங்க சோதனை. நீங்க காட்டுன தண்ணி."

உண்மைதான். 2016-இல் அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தது நான். முந்நூற்று எண்பதடியில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அன்றைக்கு அவள் கையிலிருந்து சொம்பை வாங்கி, எல்லோருக்கும் முன்னால் வாய் வைத்தே குடித்தேன். பக்கத்து ஊர்தான் என் ஊர். எங்கள் ஆட்கள் யாரும் காலனியில் அதுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பெரியப்பா மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஒரு மாதம் நிம்மதியாகவே இருந்தது.

பிப்ரவரி 9, வியாழன்

முழங்கால் வலி. மே 31-இல் எனக்குப் பணி ஓய்வு, அதற்கு மலர் வெளியிடுகிறார்களாம். என்னைப் பாராட்டும் கட்டுரைக்குக் குறிப்புகளை என்னிடமே கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தேன். 

பிப்ரவரி 20, திங்கள்

பொட்டலங்களை மாற்றினேன். பழையவற்றை வேதியியல் துறை ஜெபமணி மேடத்திடம் கொடுத்தேன். கரித்தூளைக் கரைசலில் ஊறவைத்துக் கருவியின் விளக்கடியில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. அந்த அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார், துணைவேந்தரையே வெளியே நிற்க வைத்தவர். ஆறிலும் ஒன்றுமில்லை என்று மாலையில் சொன்னார். நான் எதிர்பார்த்ததுதான்.

மார்ச் 6, திங்கள்

மறுபடி பொட்டலங்கள். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

கிழக்கே ஐந்தாவது கிணறு காலனிக்காரர்களின் பழைய குடிதண்ணீர்க் கிணறு. குழி கசிந்தால் முதலில் கெடுவது அதுதான் என்று 2016-இல் நான்தான் மூடச் சொன்னேன். மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறது. நான் தண்ணீர் எடுக்க வருவதால் சாவி என்னிடமே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் வாளி தெரிகிறது, அவ்வளவு தெளிவு.

மாராத்தாளின் மருமகள் கௌதமிக்கு ஏழாம் மாதம். 19-ஆம் தேதி ஞாயிறு வளைகாப்பு. "நீங்களும் அம்மாவும் கட்டாயம் வரோணுங்க" என்றாள். சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வருகிறோம் என்றேன்.

மார்ச் 8, புதன்

ஜெபமணி மேடம் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். ஃபோனில் சொல்லமாட்டேன், வாருங்கள் என்றார்.

கிழக்கே ஐந்தும் வெறுமை. ஆறாவது பொட்டலம் மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. கருவியின் கோடு காகிதத்தின் மேல் ஓரத்தைத் தொட்டு நிற்கிறது.

"பொட்டலம் மாறியிருக்கும்" என்றேன்.

"எண் போட்டுத் தைச்சது நீங்கதானே சார்."

"சாயம் தொட்ட கையோட யாராவது எடுத்திருப்பாங்க."

"சாயம் தொட்டது ஒரு மாசத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் நீங்க குளிக்கவே இல்லையா?"

துணி சோப்பில்கூட ஒளிரும் பொருள் உண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் துணி துவைத்திருப்பார்கள் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, "அந்த போர்த் தண்ணியை ஒரு பாட்டில் கொண்டு வாங்க, குரோமியம் பாத்துடலாம். கழிவுச் சேறு வந்திருந்தா அது இருக்கும், சோப்புல இருக்காது" என்றார். 

திங்கட்கிழமையே எல்லாப் பொட்டலத்தையும் அவரிடம் கொடுத்தது அவசரம். நான் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

மார்ச் 9, வியாழன்

வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குப் புது ஃபில்டர் மாற்றினார்கள். மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வரவில்லை.

மாலையில் 2016-இன் வரைபடத்தை எடுத்தேன். பீரோவின் மேல்தட்டில் இருந்தது, தூசி. காலனி போருக்கு அடியில் ஓடும் பாறை வெடிப்பை அதில் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கிறேன். கையில் கருவியோடு வெயிலில் நான்கு நாள் நடந்து கண்டுபிடித்த வெடிப்பு. அது இல்லாவிட்டால் காலனிக்குத் தண்ணீரே கிடைத்திருக்காது. வடக்கிலிருந்து தெற்கே நேராக வந்து, கம்பெனி மதில்சுவரில் கோடு நிற்கிறது.

சுவருக்கு உள்ளே அளக்க அன்றைக்கு அனுமதி கொடுக்கவில்லை. அளக்காத இடத்தில் கோடு போடக் கூடாது. அது சரியான நடைமுறைதான்.

மார்ச் 10, வெள்ளி

புள்ளிக்கோடு போட்டிருக்கலாம். சந்தேகம் என்று காட்ட மாணவர்களுக்கு நானே சொல்லித்தருவது அது. ஸ்கேலை வைத்துச் சுவருக்குள் நீட்டிப் பார்த்தேன். குழியின் நடுவில் போகிறது.

மார்ச் 13, திங்கள்

காலனிக்குப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். மாராத்தாள் சொம்போடு வந்தாள். 

"வயிறு சரியில்லைங்க" என்றேன்.

"சீரகம் போட்டுக் காய்ச்சித் தரட்டுங்களா?"

"வேண்டாங்க. டாக்டர் எதுவும் குடிக்க வேண்டாம்னுட்டாரு."

காரில் ஏறியதும் தாகம் தாங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தேன். நிமிர்ந்தால் கண்ணாடியில் அவள் தெரிகிறாள். சொம்போடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் கண்ணாடியில் பட்டிருக்கும், உள்ளே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மார்ச் 15, புதன்

குரோமியம் அனுமதித்த அளவைவிட ஆறு மடங்கு.

"இப்பவே சொல்லிடுங்க சார்" என்றார் மேடம். 

ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு ஊரைக் கலக்க முடியாது என்றேன். மூன்று முறை எடுத்து, மூன்றும் ஒத்துவந்தால்தான் முடிவு. முப்பத்திரண்டு வருடமாக நான் அப்படித்தான் செய்துவருகிறேன். அறுபத்து நான்கு குடும்பம். பயந்துபோய் எதையாவது செய்துவிட்டால் யார் பொறுப்பு? தவிர, ஏழு வருடம் குடித்தவர்களுக்கு இன்னும் பத்து நாளில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?

"இதைச் சொல்லித்தான் தூங்குறீங்களா?" என்றார். அவருக்கு என்றைக்குமே பேச்சில் நிதானம் கிடையாது.

மார்ச் 17, வெள்ளி

கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். இரத்தம் நிற்க நேரமாயிற்று.

மார்ச் 19, ஞாயிறு

வளைகாப்புக்குப் போகவில்லை. சுலோச்சனா புடவை கட்டித் தயாராக இருந்தாள். பல் வலி என்றேன். "பல்லு உங்களுக்குத்தானே, நான் போயிட்டு வரேன்" என்றாள். அங்கே சாப்பிடுவாள், தண்ணீர் குடிப்பாள். போகக் கூடாது என்று கத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். சொல்லவில்லை. கட்டிய புடவையோடேயே சமைத்தாள்.

மார்ச் 20, திங்கள்

மூன்றாவது தண்ணீர் எடுக்கப் போனேன். இரண்டாவதை வியாழனன்று ஒரு மாணவனை அனுப்பி எடுத்தேன், அதிலும் ஆறு மடங்குதான். காலனிப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கௌதமி இரண்டு கையிலும் வளையலோடு குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். 

மாராத்தாள் வாசலில் நாற்காலி போட்டாள். சொம்பு வரவில்லை. ஸ்டூலின் மேல் ஒரு கடைத் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது.

"வளைகாப்புக்கு வருவீங்கன்னு வாங்கி வெச்சதுங்க சார். கடைத் தண்ணிங்க. சீல் ஒடைக்கலீங்க. எங்க கையும் படலீங்க, கடைக்காரரே கொண்டாந்து வெச்சுட்டுப் போனாருங்க."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் சாதி பார்த்துத்தான் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று நினைத்திருக்கிறாள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் காருக்குள் என் பாட்டிலில் குடித்ததைப் பார்த்திருக்கிறாள். அதற்காக என்மேல் கோபப்படவில்லை, எனக்குத் தோதாக ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறாள்.

அப்படி இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படி இல்லை என்றால் எப்படி என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முடிவு இன்னும் வரவில்லை.

மூடியைத் திருகிக் குடித்தேன். முழுப் பாட்டிலும் குடித்தேன். அவள் குழாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். 

மார்ச் 22, புதன்

உலகத் தண்ணீர் தினம். கல்லூரியில் சிறப்புரை எனக்கு. 2016-இல் சொம்பு வாங்கிக் குடித்த கதையைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் மேடை ஏறினேன். பேச்சு வாக்கில் வந்துவிட்டது. நல்ல கைதட்டல். சால்வை சிந்தெட்டிக், போர்த்தியதும் கழுத்து அரித்தது.

ஜெபமணி மேடம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கதையின் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 24, வெள்ளி

மூன்றாவதும் அதேதான். ஆறு மடங்குக்கும் கொஞ்சம் மேலே.

"திங்கட்கிழமை நீங்க போகலைன்னா நான் போறேன் சார்" என்றார் மேடம். "எனக்கு வழி தெரியாது. கேட்டுக் கேட்டுப் போயிடுவேன்."

மிரட்டுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

மார்ச் 25, சனி

நாள் முழுக்க அறிக்கை. 'பாறை வெடிப்பின் எதிர்பாராத தொடர்ச்சி காரணமாக' என்று எழுதினேன். 'எதிர்பாராத' என்பதை அடித்தேன். மறுபடி எழுதினேன். இரண்டு மணி நேரம் அந்த ஒரு சொல்லோடு போயிற்று. கடைசியில் அடித்துவிட்டு, மதில்சுவரோடு கோட்டை நிறுத்தியது என் பிழை என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியபின் சுலோச்சனா காபி கொடுத்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கு என்னைப் போக விடல. அந்தப் புள்ளையை மட்டும் குடிக்க விட்டுட்டீங்க" என்றாள்.

மாலை அதிகாரி ஃபோனில்: "2016-ல வடக்கே பயமில்லைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இருக்குங்கறீங்க. ரெண்டுல எதை நாங்க எடுத்துக்கறது? கமிட்டில வெச்சுப் பாக்கறோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

கமிட்டி கூடுவது ஜூனில். நான் ஓய்வுபெற்ற பிறகு. ஒரு நிமிடம் எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வேறு எங்கும் எழுதப்போவதில்லை.

மார்ச் 27, திங்கள்

காலை ஆறு மணிக்குக் காலனியில் இருந்தேன். மாராத்தாள் மோட்டார் அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். போட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நின்றுகொண்டே சொன்னேன். குழி, வெடிப்பு, சாயம், குரோமியம், நான் சுவரோடு நிறுத்திய கோடு. நீட்டி முழக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தும் நீளமாகத்தான் வந்தது. அவர் சுவிட்சின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"எப்பத் தெரிஞ்சுதுங்க?"

இருபத்து நான்காம் தேதி என்று சொல்லலாம். மூன்றாவது முடிவு அன்றைக்குத்தான் வந்தது. பொய்யும் ஆகாது.

"எட்டாந் தேதிங்க" என்றேன்.

"எட்டுல இருந்து இன்னைக்கு வரைக்கும்" என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். "பத்தொம்போது நாளுங்க. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. நாந்தானுங்க மோட்டார் போட்டேன்."

"தெரியாமத்தானே போட்டீங்க."

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். 

பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கு நீங்க தண்ணி வேண்டாம்னு போட்டுக் காருக்குள்ள குடிச்சதைப் பாத்தனுங்க. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல. சாரே இப்படி ஆயிட்டாரேன்னு. கௌதமிகூடச் சொன்னா, அப்படி இருக்காதுங்க அத்தை, நெசமாலுமே வயிறு வலிச்சிருக்கும்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சாதி பாத்துத்தான் குடிக்கலைன்னே இருந்திருந்தாத் தேவலைங்க சார். அது எங்களுக்குப் பழகுனதுதானுங்க."

நான் என்னவோ சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"பழைய கெணத்துத் தண்ணி எப்படிங்க?"

"நல்லா இருக்குங்க. ஏழு வருசமும் நல்லாத்தான் இருந்திருக்கு. காய்ச்சிக் குடிச்சாப் போதும்."

"பூட்டியிருக்குதுங்களே."

சாவி என் பையில்தான் இருந்தது. எட்டாம் தேதியும் பையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். கையில் வாங்காமல், ஸ்டூலில் வைக்கச் சொன்னார். வைத்ததும் எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி ஒவ்வொரு வாசலிலும் நின்று கூப்பிட்டார்.

இரண்டு பேர் பூட்டைத் திறந்து வலையைத் தூக்கிச் சாய்த்தார்கள். கயிறும் வாளியும் வந்தன. ஒருவன் என்னிடம் வந்து ஏதோ கேட்க ஆரம்பித்தான், மாராத்தாள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார். மேல்நிலைத் தொட்டியில் இருந்ததை எல்லாம் திறந்துவிட்டார்கள், தெருவெல்லாம் ஓடியது. கௌதமி ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று அவள் என்னைக் கேட்பாள் என்று பயந்துகொண்டே நின்றேன். கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியாது.

மோட்டார் அறைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது. கிணற்றுத் தண்ணீரை வாசலிலேயே அடுப்புக் கூட்டிக் காய்ச்சினார்கள். ஆறியதும் மாராத்தாள் அதே சொம்பில் மொண்டு முதலில் கௌதமிக்குக் கொடுத்தார். பிறகு கிணற்றடியில் இருந்தவர்களுக்கு. சொம்பு கை மாறி மாறி என்னைத் தாண்டிப் போயிற்று. அந்த வாசலில் இத்தனை வருடத்தில் எனக்குத் தண்ணீர் தராமல் விட்டது இன்றைக்குத்தான்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை. காரில் என் பாட்டில் இருந்தது.